எல்லை கடந்தோர்

தாம்பரத்தில் புகைவண்டி ஏறித் தெற்கு நோக்கிச் செல்வோர், விழுப்புரத்தினின்று கிழக்கே திரும்பினால் புதுச்சேரியை அடைவர். இன்று அவ்வழியில் அயல்நாட்டு எல்லை ஏதும் இல்லை. 1908ஆம் ஆண்டிலோ நிலைமை வேறு. சென்னை ஆங்கிலேயர் ஆட்சியிலும், புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலும் இருந்தன. அவ்வாண்டில் 'இந்தியா' இதழின்மீது அரச நிந்தனை வழக்குத் தொடரப்பட்டது. அவ்விதழை நடத்திவந்த சுப்பிரமணிய பாரதியார் புதுச்சேரிக்குச் சென்று தங்கினார். ஆங்கில அரசின் ஒற்றர்கள் அவரைச் சூழ்ந்து திரிந்தனர். எனினும் பத்தாண்டுகள் அவரைச் சிறைப்படுத்த இயலவில்லை. 1918 நவம்பரில் எல்லை தாண்டியதும் கடலூர் அருகே அவர் கைதானார்.

ஓர் அரசின் காவலர் பிறிதோர் அரசின் நிலத்திற் புகுந்து எவரையும் பிடித்தல் ஆகாது. அங்ஙனமாயின், களவும் கொலையும் செய்தோர் எல்லையைத் தாண்டியவுடன் தப்பிவிடலாமோ எனின், அற்றன்று. குற்றவாளியைக் கேட்டுப் பெறுதற்கு நாடுகள் தம்முள் உடன்படிக்கை செய்துகொள்கின்றன. இந்தியா நேபாளத்தோடு 1953இலும், வங்காளதேசத்தோடு 2013இலும் இவ்வாறு செய்துகொண்டது. இதற்கென நம் நாட்டில் 1962ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு.

தொலைவிலுள்ள நாடுகளும் இவ்வாறு உதவுகின்றன. தமிழகக் கோயிற் சிலைகளைக் கடத்திய வழக்கில் தேடப்பட்ட வணிகர் சுபாஷ் கபூர், 2011இல் செர்மனியில் பிடிபட்டு, 2012இல் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டார். 2022இல் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. திருட்டு எந்நாட்டிலும் திருட்டே ஆதலின் இதில் எவர்க்கும் ஐயம் எழாது.

ஐயம் எழுவது அரசியற் குற்றத்திலேதான். ஆள்வோரை எதிர்த்து எழுதியவனையும் பேசியவனையும் அவ்வாள்வோர் கையிலேயே ஒப்படைத்தல் முறையாகுமோ? ஆகாது என்பதே நம் சட்டத்தின் கொள்கை. ஆயின், இவ்விலக்கின் நிழலில் கொடியோரும் ஒதுங்கக்கூடுமன்றோ? அதனாற்றான் கொலை, ஆட்கடத்தல், வெடிபொருளால் உயிர்க்கேடு செய்தல் முதலியன அரசியற் குற்றமாகக் கொள்ளப்படா என 1993இல் சட்டம் திருத்தப்பெற்றது. இத்திருத்தம் வேண்டற்பாலதே, எழுதுகோலையும் வெடிகுண்டையும் ஒரு தட்டில் வைத்து நிறுத்தல் தகாது.

வேற்று நாடு ஒருவனைக் கேட்டவுடன் நாம் அவனை அனுப்பிவிடுவதும் இல்லை. முதற்கண் நீதித்துறை நடுவர், குற்றம் நிகழ்ந்தது எனக் கொள்ளத்தக்க சான்று உண்டா என ஆராய்வார். குற்றம் அரசியலைச் சார்ந்ததா என்பதையும் கேட்டறிவார். சான்று இல்லையேல் அவனை விடுவிப்பார். உண்டேல் அவனைச் சிறையில் வைத்து, தம் அறிக்கையை நடுவண் அரசுக்கு அனுப்புவார். அதனோடு தன் பக்கத்து நியாயத்தை எழுதியனுப்ப அவனுக்கும் உரிமை உண்டு. இரண்டையும் பார்த்த பின்னரே, ஒப்படைப்பதா விடுப்பதா என்பதை அரசு முடிவு செய்யும்.