பறவைகளில் மெலட்டோனின் சுழற்சி

மெலட்டோனின் என்பது முதுகெலும்பிகளின் மூளையில் உள்ள கூம்புச் சுரப்பியில் இரவு நேரத்தில் மிகுதியாகச் சுரக்கும் ஓர் இயக்குநீர் ஆகும். 1958 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆரோன் லெர்னர் குழுவினர் இதனை மாட்டின் கூம்புச் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்தனர். பறவைகளின் குருதியில் இதன் அளவு பகலில் குறைந்தும் இரவில் உயர்ந்தும் காணப்படும். இச்சுழற்சியை ஒளியும் சில மருந்துகளும் மாற்றுகின்றன. எனினும், இம்மாற்றம் நிகழும் விதம் பாலூட்டிகளிலிருந்து வேறுபட்டதாகும்.

சுரப்பியினுள் உள்ள கடிகாரம்

பாலூட்டிகளில் ஒளிச்செய்தி கண்களிலிருந்து நரம்புகள் வழியாகவே கூம்புச் சுரப்பியை அடைகிறது. பறவைகளிலோ மண்டையோட்டை ஊடுருவிவரும் ஒளியைச் சுரப்பியே நேரடியாக உணர்கிறது. இதற்கு உதவும் பினாப்சின் என்னும் ஒளியுணர் புரதம் கோழியில் 1994 இல் கண்டறியப்பட்டது. கோழியின் கூம்புச் சுரப்பி உயிரணுக்களைத் தனியே பிரித்து வளர்த்தாலும், அவை ஏறத்தாழ 24 மணிநேரச் சுழற்சியில் மெலட்டோனினைச் சுரக்கின்றன.

இச்சுரப்பி நீக்கப்பட்ட சிட்டுக்குருவிகள் தொடர் இருளில் தம் அன்றாட இயக்க ஒழுங்கை இழந்துவிடுவதை 1968 இல் காசுட்டன், மெனேக்கர் ஆகியோர் காட்டினர். சப்பானியக் காடையில் கண்களும் குருதிக்கு மெலட்டோனினை வழங்குகின்றன. எனவே, ஓர் இனத்தின் முடிவை எல்லாப் பறவைகளுக்கும் பொதுவாகக் கொள்ள இயலாது.

ஒளியின் விளைவுகள்

ஒளிக்கு இருவகை விளைவுகள் உண்டு.

1. உடனடி விளைவு: இரவில் ஒளி பட்டவுடன், மெலட்டோனின் உருவாக்கத்திற்கு இன்றியமையாத நொதியின் செயற்பாடு விரைவில் குறைந்து, சுரப்பும் வீழ்கிறது.
2. கடிகார விளைவு: முன்னிரவில் படும் ஒளி அடுத்துவரும் சுழற்சிகளைப் பின்தள்ளுகிறது, பின்னிரவில் படும் ஒளி அவற்றை முன்னகர்த்துகிறது.

மருந்துகளின் விளைவுகள்

எலியில் நோரட்ரினலின் பீட்டா ஏற்பிகள் வழியாக மெலட்டோனின் சுரப்பைத் தூண்டுகிறது. கோழியில் அதே பொருள் ஆல்பா-2 ஏற்பிகள் வழியாகச் சுரப்பைக் குறைக்கிறது. அவ்வேற்பிகளில் செயற்படும் குளோனிடின் என்னும் மருந்தும் கோழியில் சுரப்பைக் குறைக்கிறது. ஆகவே, எலியில் பெறப்பட்ட மருந்தியல் முடிவுகளைப் பறவைகளுக்கு அப்படியே பொருத்துவது தவறாகும்.

கக்குவான் நுண்ணுயிரியின் நச்சு, வளர்ப்பு உயிரணுக்களில் ஒளியின் உடனடி விளைவைத் தடுக்கிறது. ஆனால் கடிகார விளைவைத் தடுப்பதில்லை. இவ்விரு விளைவுகளும் வெவ்வேறு வழிகளில் நிகழ்கின்றன என்பது இதனால் 1988 இல் தெளிவாயிற்று.

இந்தியாவில்

தென்னிந்தியாவின் வறண்ட புதர்க்காடுகளிலும் வாழும் புதர்க்காடையின் கூம்புச் சுரப்பி குறித்து வாரணாசியின் பனாரசு இந்துப் பல்கலைக்கழகத்தில் விரிவான ஆய்வுகள் நடைபெற்றுள்ளன.

முட்டைக்கோழிப் பண்ணைகளில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 மணிநேரம் ஒளி கிடைக்குமாறு மின்விளக்குகள் பயன்படுத்தப்படுவது வழக்கம். இதனால் மெலட்டோனின் உயர்ந்திருக்கும் நேரம் சுருங்குகிறது. ஆயினும், முட்டையிடுதல் கூடுவதற்கு அது முதன்மைக் காரணமன்று. மூளையின் ஆழத்திலுள்ள வேறு ஒளியுணரிகளே இனப்பெருக்க இயக்குநீர்களைத் தூண்டுகின்றன.

இவற்றையும் பார்க்க

- கூம்புச் சுரப்பி
- உயிரியல் கடிகாரம்
- சிட்டுக்குருவி