சேலை அடுக்கு ஓவியமாவது எப்படி?

இளம்பிள்ளைச் சேலைக் கடையில் மடித்து அடுக்கிய சேலைகளைப் பாருங்கள். ஷட்டர் வேகத்தை அரை நொடியாக வைத்து, படம் பதிவாகும்போதே கேமராவைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். பூ வேலைப்பாடு கரைந்து வண்ணப் பட்டைகள் மட்டும் மிஞ்சும். ஏன்?

ஷட்டர் திறந்திருக்கும்வரை சென்சார் தன்மேல் விழும் ஒளியைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். கேமரா நகர நகர, ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் கோடாக நீளும். ஜரிகை மினுக்கம் பளிச்சென்ற கீற்றாகும். மடிப்பு விளிம்பு நகரும் திசையிலேயே கிடப்பதால், தன்மீதே படிந்து தெளிவாக நிற்கும். மேலும் கீழும் நகர்த்தினாலோ நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

அரை நொடிக்கு வெளிச்சம் மிகுந்தால், ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவை 100க்குக் குறைத்து, லென்ஸ் துளையைச் சுருக்குங்கள்.

1949இல் பிக்காசோ இருட்டில் சிறு விளக்கால் காற்றில் வரைந்ததை புகைப்படக் கலைஞர் ஜோன் மிலி படமாக்கியதும் ஒளி சேரும் இதே விதிப்படிதான். அங்கே நகர்ந்தது விளக்கு. இங்கே நகர்வது கேமரா.