இருக்கும் கோப்பை 'இல்லை' என்பது ஏன்?

செட்டியார்பட்டி வட்டாரத்து ஊர்களின் மழையளவை, லினக்ஸ் இயங்கும் கணிப்பொறியில் ஊருக்கு ஒரு கோப்பாகச் சேமித்திருப்பதாகக் கொள்வோம். ஒரு கோப்பின் பெயர் 'கொல்லங்கொண்டான்'. கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளையைத் தட்டினால் அப்பெயர் திரையில் வருகிறது. கட்டளையோடு அதே பெயரையும் சேர்த்துத் தட்டினாலோ, 'அப்படியொரு கோப்போ அடைவோ இல்லை' என்று பதில் வருகிறது! கோப்பு அழிந்துவிட்டது என நம்பி மீண்டும் ஒன்றை உருவாக்கினால், ஒரே பெயரில் இரு கோப்புகள் நிற்கும். எதில் உள்ள அளவு சரி?

கணிப்பொறி எழுத்தைப் பார்ப்பதில்லை, எண்களையே பார்க்கிறது. யூனிக்கோடு முறையில் 'கொ'வை இரு விதமாக எழுதலாம். 'க'வை அடுத்து ஒகரக் குறி முழுவதற்கும் ஒரே எண்ணை இடலாம். அல்லது ஒற்றைக்கொம்புக்கு ஓர் எண், காலுக்கு ஓர் எண் என இரண்டாக இடலாம். திரையில் வேறுபாடு துளியும் தெரியாது. யுடிஎஃப்-8 முறையில் இவ்வெண் ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டுகள். நம் ஊர்ப்பெயரில் 'கொ' இரண்டு இருப்பதால், முதல் விதத்தில் 45 பைட்டுகள், இரண்டாவதில் 51.

இரண்டையும் சமமாகக் கருதவேண்டும் என்பது யூனிக்கோடின் விதி. ஆனால் லினக்ஸின் கருநிரல் வழக்கமாகப் பெயர்களைப் பைட்டு பைட்டாகவே ஒப்பிடுகிறது. ஆப்பிள் மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறையோ பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து வரும் கோப்பில் 51 பைட்டுகள். நாம் தட்டுவதில் பெரும்பாலும் 45.

சரி, செய்தி ஏன் இதைச் சொல்லவில்லை? கருநிரல் திருப்பித் தருவது 2 என்ற எண் மட்டுமே. அதற்குரிய ஆயத்த வாக்கியத்தை எல்எஸ் அச்சிடுகிறது. வழியில் உள்ள அடைவு ஒன்று இல்லாவிட்டாலும் அதே 2 தான்! (பழைய யூனிக்ஸில் 25-ஆம் எண்ணுக்குரிய வாக்கியம் 'தட்டச்சுப்பொறி அல்ல' என்பது. அதைக் கண்டு விழித்தவர்கள் பலர்.) பொய் சொல்லும் செய்தி அன்று இது, ஆனால் காரணத்தைச் சொல்லாத செய்தி.

இத்தகைய கோப்பைத் திறக்க, முழுப்பெயரையும் தட்டாமல் 'க' என்று தட்டி உடுக்குறி இடுங்கள். உள்ளபடியே உள்ள பெயரை ஷெல் நிரப்பிக்கொள்ளும். ஐயம் தீர ஒரு சோதனையும் உண்டு. அக்கோப்பு மட்டும் உள்ள அடைவில், எல்எஸ் தரும் பட்டியலைப் பைட்டுகளை எண்ணும் 'டபிள்யூசி -சி' கட்டளைக்கு அனுப்புங்கள். வரிமுடிவுக்கு 1 சேர்வதால் 46 அல்லது 52 வரும்.