சிறு கடைகளுக்கு இணைய விளம்பரம்

(பத்தாம் வகுப்பு மாணவி)

நம் பள்ளியில் படிக்கும் மாணவியரின் பெற்றோரில் பெரிய நிறுவனங்கள் நடத்துவோர் மிகச் சிலரே. கடலூர் முதுநகரில் மீன் விற்கும் தாய்மார்கள், திருப்பாதிரிப்புலியூரில் தையற்கடை வைத்திருப்போர், வண்டிப்பாளையத்தில் கொலுப் பொம்மை செய்வோர், பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைத்து விற்போர், வீட்டிலேயே முறுக்கு சுட்டுக் கடைகளுக்குப் போடுவோர் ஆகியோரின் பிள்ளைகளே நம்மில் பலர். "இணையத்தில் விளம்பரம் செய்யுங்கள்" என்று இவர்களிடம் எல்லோரும் சொல்கிறார்கள். எப்படிச் செய்வது என்று சொல்வார்தாம் இல்லை. வீட்டில் அந்த வேலை கடைசியில் யாரிடம் வந்து சேர்கிறது என்று பார்த்தால், கைப்பேசியை நன்கு கையாளத் தெரிந்த நம்மிடந்தான்! ஆகவே பெற்றோருக்கும் அவர்களுடைய பெண்களுக்கும் பயன்படக்கூடிய சில செய்திகளை இங்கு எழுத முற்படுகிறேன்.

முற்காலத்தில் விளம்பரம் என்றால் திரையரங்கில் சிலைடு போடுவார்கள்; துண்டு நோட்டீசு கொடுப்பார்கள்; ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊரைச் சுற்றுவார்கள்; புத்தாண்டில் நாட்காட்டி அச்சடிப்பார்கள். இவை எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். ஆனால் கடைக்கு வருபவர் பொருளைத் தொட்டுப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், தராசு முள்ளைக் கவனிப்பார். கடைக்காரர் யார் வீட்டுப் பிள்ளை என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். இணையத்தில் இவற்றில் ஒன்றும் இல்லை. ஒரு படமும் நாலு வரியுந்தான் உண்டு. எனவே சிறு வியாபாரியின் இணைய விளம்பரம் என்பது, முன்பின் அறியாத ஒருவர் மனத்தில் எழும் ஐயங்களுக்கு அவர் கேட்குமுன்பே பதில் சொல்லி வைப்பதுதான் என்பது என் கருத்து.

வடலூர் வள்ளலார் தாம் கடை விரித்தும் கொள்வார் இல்லையே என்று வருந்தினார் என்பர். அவர் விரித்தது அருட்கடை. அதை நம் வியாபாரத்தோடு ஒப்பிடலாகாது. ஆனால் நம் ஊர்க் கடைகள் பலவற்றின் நிலை வேறு. கொள்வார் இருக்கிறார்கள், கடை விரித்திருப்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

அதற்கு முதல் மருந்து கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்வதாகும். இதற்குக் கட்டணம் கிடையாது. "பதிவு செய்து தருகிறோம், கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டுங்கள்" என்று யாராவது தொலைபேசியில் அழைத்தால் நம்ப வேண்டியதில்லை. கடையின் பெயர், திறக்கும் நேரம், விடுமுறை நாள், தொலைபேசி எண் ஆகியவற்றைக் கொடுத்து, கூகுள் கேட்கும் விதத்தில், பெரும்பாலும் பெயர்ப் பலகையையும் கடையின் உட்புறத்தையும் காணொளியாக எடுத்து அனுப்பி, கடை நம்முடையதுதான் என்று மெய்ப்பிக்க வேண்டும். வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பெண்கள் வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்தப் பகுதிகளுக்குப் பொருள் கொடுக்கிறோம் என்பதை மட்டும் காட்டலாம். இந்த வசதி பலருக்குத் தெரியாது.

நம் ஊர்ப் பெயர்களில் ஒரு தனித் தொல்லை உண்டு. திருப்பாதிரிப்புலியூரை மக்கள் திருப்பாப்புலியூர் என்பார்கள். ஆங்கிலத்திலோ ஆளுக்கோர் எழுத்துக்கூட்டல்! தேடுகிறவர் எதை எழுதித் தேடுவார் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே கடையைப் பற்றிய குறிப்பில் இரண்டு பெயர்களையும், தமிழிலும் ஆங்கிலத்திலும், இயல்பாக வரும்படி எழுதிவிட வேண்டும். கடலூர் என்பதும் அப்படியே. நீலகிரியில் ஒரு கூடலூர், தேனி மாவட்டத்தில் ஒரு கூடலூர். பார்சல் அனுப்பும்போதும் முகவரி எழுதும்போதும் 607001 என்ற அஞ்சல் குறியீட்டை விட்டுவிட்டால், நம் கடலூர்ப் பொருள் மலையேறிவிடவும் கூடும்.

சிதம்பரத்தை எடுத்துக்கொண்டால் ஒரே ஊரில் இருவகை வாடிக்கையாளர்களைக் காணலாம். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கும் வெளியூர் மக்கள் திரளாக வருகின்றனர். பிச்சாவரத்துக்குப் படகில் போக வருவோர் வேறு. இவர்கள் ஊருக்குப் புதியவர்கள். கீழ வீதியில் நின்றுகொண்டு "அருகில் சாப்பாட்டுக் கடை" என்று தேடுவார்கள். கொத்சுவுக்குப் பேர்போன ஊரில், அதை நன்றாகச் செய்யும் சிறிய கடை வரைபடத்தில் இல்லையென்றால் அவர்களைப் பொறுத்தவரை அது உலகிலேயே இல்லை. திருவிழா நாளில் நேரம் மாறினால் அதையும் அன்றே மாற்றி எழுத வேண்டும். பூட்டிய கதவின்முன் வந்து நின்றவர் மறுபடி வரமாட்டார். ஆனால் அண்ணாமலைநகரில் பல்கலைக்கழக மாணவர்களுக்குச் சிற்றுண்டி விற்பவருக்கு வரைபடம் அவ்வளவு முக்கியமில்லை. மாணவர்களுக்குக் கடை எங்கே என்று தெரியும். இன்று இரவு என்ன, எத்தனை மணிவரை, என்ன விலை என்பவைதாம் தெரிய வேண்டும். அவர்களுக்கு வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் போதும். இந்த வேறுபாட்டை யோசிக்காமல் எல்லாவற்றிலும் கணக்குத் தொடங்கி எதையும் கவனிக்காமல் விடுவதைவிட, ஒன்றைத் தொடங்கி நாள்தோறும் கவனிப்பதே மேல்.

வாட்ஸ்அப் பிசினஸ் என்ற செயலி 2018-ஆம் ஆண்டு வந்தது. இலவசமானது. இதில் பொருள்களைப் படத்தோடும் விலையோடும் பட்டியலாக அடுக்கி வைக்கலாம். அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கு ஆயத்தமான பதில்களை வைத்துக்கொள்ளலாம். பலருக்கும் ஒரே சமயத்தில் செய்தி அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியலும் உண்டு. ஆனால் நம் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். எனவே ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் "எங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று வாயால் சொல்லியாக வேண்டும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஸ்டேட்டஸ்தான். அது 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். மீனுக்கு இதைவிடப் பொருத்தமான விளம்பரம் உண்டோ? காலையில் முதுநகர்த் துறைமுகத்தில் ஏலம் எடுத்த வஞ்சிரத்தையும் சங்கராவையும் கூடையோடு படமெடுத்துப் போட்டால், மீன் விற்றுத் தீரும்போது படமும் போய்விடும்; நேற்றைய மீனைக் காட்டினார்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாட்களில் கருவாட்டையும், ஃபைபர் படகில் வரும் மீனையும் காட்டலாம்.

அடுத்து, படமும் விலையும். முந்திரியைக் கொண்டு விளக்குகிறேன். பண்ருட்டி முந்திரிக்கும் பலாப்பழத்துக்கும் 2025-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமைக்குப் பதிவு செய்துகொள்ளாமல் அதன் முத்திரையைப் பொட்டலத்தில் அச்சடிக்கக் கூடாது. முத்திரை இல்லாவிட்டாலும் நம்பிக்கை பெற வழியுண்டு. கடையில் "டபிள்யூ 240", "டபிள்யூ 320" என்று சொல்வார்கள். சென்னையில் வாங்குபவருக்கு அது ஏதோ இரகசியக் குறியீடு போல் இருக்கும். ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் எடையில் எத்தனை முழுப்பருப்பு நிற்கும் என்பதே அந்த எண். ஆகவே எண் குறையக் குறையப் பருப்பு பெரிது, விலையும் கூடுதல். கால் கிலோவில் 320 ரகமானால் ஏறத்தாழ 170 பருப்பும், 240 ரகமானால் ஏறத்தாழ 125 பருப்பும் இருக்கும். இதை இரண்டு வரியில் எழுதி, "வேண்டுமானால் எண்ணிப் பாருங்கள்" என்று சேர்த்துவிட்டால், எத்தனை அலங்காரச் சொற்கள் போட்டாலும் கிடைக்காத நம்பிக்கை கிடைக்கும். உடைந்த பருப்பையும் உடைந்தது என்றே சொல்லி, பாயசத்துக்கும் கேக்குக்கும் மலிவாக விற்கலாம்.

படத்தைச் சன்னல் ஓரத்துப் பகல் வெளிச்சத்தில், வெறும் வெள்ளைத் துணிமேல் வைத்து எடுத்தால் போதும். அளவு தெரிய அருகே ஒரு ரூபாய் நாணயத்தை வைக்கலாம். இந்நாளில் செயற்கை நுண்ணறிவு மிக அழகான முறுக்குகளை வரைந்து தருகிறது. அவற்றைச் சுட்டுத் தர அதனால் முடியாது! வந்த பொருள் படத்தைப் போல் இல்லையென்றால் வாடிக்கையாளர் நம்மைத்தான் வைவார். விலையை எழுதாமல் "தனியாகக் கேளுங்கள்" என்று போடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. கேட்கக் கூச்சப்படுபவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். பெட்டி நீங்கலாக நிகர எடை, கூரியர் செலவு, செய்த தேதி ஆகியவற்றையும், உணவுப் பொருளானால் பதினான்கு இலக்கப் பதிவு எண்ணையும் காட்ட வேண்டும். அந்தப் பதிவு வீட்டில் செய்து விற்பவருக்கும் உண்டு. கள்ளத் தராசைப் பற்றி நீதிமொழிகள் ஆகமத்தில் நாம் படித்தது கூரியர் பெட்டிக்கும் பொருந்தும்.

பணம் வாங்குவதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஓர் அம்மாள் முறுக்கு வியாபாரம் செய்கிறார். ஒரு நாள் இராணுவ முகாமிலிருந்து பேசுவதாக ஒருவர் அழைத்தார். நாற்பது பெட்டி முறுக்கு உடனே வேண்டும், முன்பணம் அனுப்புகிறேன் என்றார். கியூ.ஆர். படம் ஒன்றை அனுப்பி, "இதை ஸ்கேன் செய்து இரகசிய எண்ணைப் போடுங்கம்மா, பணம் வந்து விழும்" என்றார். அம்மாள் போட்டார். மாவுக்கும் எண்ணெய்க்கும் வைத்திருந்த 3,800 ரூபாய் போய்விட்டது. அந்த வாரம் அடுப்பு எரியவில்லை. யு.பி.ஐ. முறை 2016-இல் தொடங்கியது முதல் இன்றுவரை விதி ஒன்றே: பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை; கொடுப்பதற்கு மட்டுமே தேவை. எண் கேட்டால் நம் பணம் போகிறது என்று பொருள். பணம் அனுப்பியதாகக் காட்டும் திரைப் படத்தையும் நம்பலாகாது; நம் கணக்கில் வந்ததா என்று பார்த்த பிறகே பொருளை அனுப்ப வேண்டும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை இடையில் நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு.

கட்டண விளம்பரம் செய்யலாமா? செய்யலாம், ஆனால் கணக்குப் பார்த்து. ஓர் உதாரணம்: நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 5 நாட்கள், கடையைச் சுற்றிப் பதினைந்து கிலோமீட்டருக்குள் மட்டும் விளம்பரம் போடுகிறோம். 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்து 590 ரூபாய் ஆகும். நாற்பது பேர் விசாரித்து எட்டுப் பேர் வாங்கினார்கள், ஒரு பெட்டிக்கு லாபம் 45 ரூபாய் என்றால், கிடைத்தது 360, நட்டம் 230. விளம்பரம் வீண் என்று தோன்றும். ஆனால் அந்த எட்டுப் பேரில் மூன்று பேர் மாதந்தோறும் வாங்கினால் மாதம் 135 ரூபாய். இரண்டு மாதத்தில் நட்டம் ஈடாகிவிடும். ஆகவே எத்தனை பேர் விருப்பக் குறி போட்டார்கள் என்பதைவிட, எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பதே கணக்கு. அதை அறிய "எங்களைப் பற்றி எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?" என்று ஒவ்வொருவரையும் கேட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும்.

அந்த நோட்டுப் புத்தகத்துக்கு வேறொரு பயனும் உண்டு. 2020 ஜூன் மாதம் டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அதை மட்டும் நம்பியிருந்தவர்கள் தம் நேயர்கள் அத்தனை பேரையும் ஒரே நாளில் இழந்தார்கள். 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் நின்றுபோயின. வாடிக்கையாளரின் பெயரும் எண்ணும் காகிதத்தில் இருந்தால் எது நின்றாலும் நமக்குக் கவலையில்லை.

மதிப்புரை எழுதச் சொல்லி உறவினர்களை ஏவுவதும், தள்ளுபடி காட்டி ஐந்து நட்சத்திரம் வாங்குவதும் தவறு. கூகுளின் விதிகளும் இதைத் தடுக்கின்றன. நிறை குறையென்று ஒருவர் எழுதினால் அவரோடு சண்டையிடாமல் "மன்னியுங்கள், மாற்றித் தருகிறோம்" என்று எல்லோரும் காணும்படி எழுதுவதே, பிறகு வந்து படிப்பவருக்கு நல்ல விளம்பரமாகும்.

இணையம் என்றாலே கெடுதல் என்று கருதும் பெரியோர் உண்டு. 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை 14-ஆம் லியோ புனிதராக அறிவித்த கார்லோ அக்குதிஸ், நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து இணையத்தில் வைத்தவர். 2006-இல் இறந்தபோது அவருக்கு வயது பதினைந்து, நம் வகுப்பின் வயதுதான். ஆயினும் பெரியோரின் அச்சத்திலும் நியாயம் இருக்கிறது. கணக்கும் எண்ணும் பெற்றோர் பெயரில் இருக்கட்டும். விளம்பரத்தில் நம் முகத்தையோ பள்ளிச் சீருடையையோ காட்ட வேண்டாம். இரவில் வரும் தெரியாத செய்திகளுக்கு அம்மா பதில் சொல்லட்டும்.

இனி, எப்போது போடுவது என்பது. கொலுப் பொம்மை வாங்குவோர் நவராத்திரிக்கு முதல் நாள் தேடுவதில்லை. ஆவணியிலேயே படங்கள் போக வேண்டும். பலாப்பழத்தைக் கூரியரில் அனுப்புவது வீண் செலவு. சித்திரையில் பழம் இறங்கியதும் சாலையோரக் கடையின் இடத்தையும் அன்றைய படத்தையும் போட்டு, சென்னை-கும்பகோணம் சாலையில் காரில் போவோரை நிறுத்தப் பார்க்க வேண்டும். கிறிஸ்துமஸ் கேக்குக்குத் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்றே விலைப் பட்டியல் வெளிவருவது நல்லது. ஆர்டர் ஏற்கும் கடைசித் தேதியையும் அதிலேயே பெரிய எழுத்தில் எழுதிவிட வேண்டும். டிசம்பர் 23 இரவு பதினொரு மணிக்குக் கேக் கேட்டு வரும் அழைப்புகள் அதனால் பாதியாவது குறையும்.