வயதான நாய்க்குக் கட்டியா? தள்ளிப் போடாதீர்கள்!

ஜாசின், அலோர் காஜா தோட்டப்புறங்களில் நம் வாசலைக் காத்த நாய்க்கு வயதாகிக் கட்டி வந்தால், "வயசாச்சு, வரத்தானே செய்யும்" என்று விட்டுவிடலாமா?

பல கட்டிகள் வெறும் கொழுப்புதான். ஆனால் புற்றுக்கட்டியும் அதேபோல் மெத்தென்று இருக்கலாம். தடவிப் பார்த்து மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மெல்லிய ஊசியால் செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் மயக்க மருந்துகூடத் தேவையில்லை.

கட்டி கொண்டைக்கடலை அளவு, அதாவது 1 சென்டிமீட்டர் இருந்தாலோ, 1 மாதமாகியும் மறையாவிட்டாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வேகமாகப் பெருத்தாலும், புண்ணாகி இரத்தம் கசிந்தாலும், பெட்டை நாயின் மடியில் வந்தாலும் அந்த 1 மாதம்கூடக் காத்திருக்காதீர்கள்.

பிதுக்க வேண்டாம், சுண்ணாம்பும் தடவ வேண்டாம். சிறிய கட்டியை அகற்றுவது எளிது. குளிப்பாட்டும்போது உடம்பைத் தடவிப் பாருங்கள். கட்டி தென்பட்ட தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.