திரைப்பட வெளியீட்டு முறையும் பாட்டுப் புத்தகமும்

முன்னுரை

ஓலைச்சுவடிகள் படியெடுக்கப்பட்ட முறையை அறியாதார் பாட வேறுபாடுகளின் காரணத்தை அறிதல் இயலாது. இவ்வுண்மை திரைப்படத்திற்கும் பொருந்தும். ஒரு படம் எவ்வாறு எடுக்கப்பட்டது என்பதோடு, அது மக்களிடம் எவ்வாறு சென்று சேர்ந்தது என்பதும் ஆராய்ச்சிக்கு உரியதே. தமிழ்ப் படங்கள் ஊர்தோறும் காட்டப்பட்ட முறையையும், அம்முறையின் துணையாய்த் தோன்றிய பாட்டுப் புத்தகத்தின் சான்று மதிப்பையும் ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

உரிமையும் எல்லையும்

படம் எடுப்பவர் தாமே ஊர்தோறும் அதனைக் காட்டுதல் அரிது. குறித்த பகுதியில் காட்டும் உரிமையை விநியோகஸ்தர் பெறுவர். அவரிடமிருந்து கொட்டகையார் பெறுவர். மொத்த விலை பேசிப் பெறுதல் ஒரு முறை. இதனை வணிகர் ‘அவுட்ரேட்’ என்பர். குறித்த தொகைக்கு உறுதி கூறி, அதற்கு மேற்பட்ட வருவாயைப் பங்கிடுதல் மற்றொரு முறை. இது ‘மினிமம் கியாரண்டி’ எனப்படும். நிலப்பகுதியை ‘ஏரியா’ என வழங்குவர். செங்கற்பட்டு, வட ஆர்க்காடு – தென் ஆர்க்காடு, திருச்சி – தஞ்சை, மதுரை – இராமநாதபுரம் என்பன அவற்றுட் சில. ஆட்சி மாவட்டங்கள் பலவாகப் பிரிந்த பின்னரும் பழைய பெயர்கள் இவ்வணிகர் வழக்கில் நிலைபெற்றமை கருதத்தக்கது.

படப்பெட்டியின் பயணம்

பேசும் படம் நொடிக்கு 24 படங்களாக ஓடுவது; நிமிடத்திற்கு 90 அடிச் சுருள் செல்லும். எனவே 15,000 அடி நீளமுள்ள படம் ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும். இத்தகைய படி ஒவ்வொன்றும் பொருட்செலவு மிக்கது. ஆதலின் சில படிகளே எடுக்கப்பட்டன. அவை முதலிற் பெருநகரங்களிலும், பின்னர்ச் சிற்றூர்களிலும், இறுதியில் டூரிங் டாக்கீஸ் கொட்டகைகளிலும் காட்டப்பட்டன. 1944இல் வெளிவந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்பர். நகரில் ஒரு படம் நெடுநாள் ஓடிய காலத்தே, சிற்றூரார் அதன் பெட்டி வரவை எதிர்நோக்கியிருந்தனர்.

பெட்டி ஊர் ஊராய்ச் செல்லுந்தோறும் சுருள் தேயும்; சில இடங்களில் அறும். அறுந்த பகுதியை நீக்கி, எஞ்சியதை ஒட்டி ஓட்டுவர் ஆப்பரேட்டர். எனவே நகரத்தார் கேட்ட பாட்டின் ஓரடி கடைசி ஊரார் செவிக்கு எட்டாமற் போதலும் உண்டு. ஓலையைச் செல்லரித்தது போன்றதே இதுவும். ஒரே படவீழ்த்தி உடைய கொட்டகையில் சுருள் மாற்றுந்தோறும் ஆட்டம் நிற்கும். ஆங்குக் கதை பல இடைவேளைகளுடன் நடந்தது.

பாட்டுப் புத்தகம்

கொட்டகை வாயிலில் சிறு விலைக்கு விற்கப்பட்ட மெல்லிய நூலே பாட்டுப் புத்தகம். நடிகர் பட்டியல், கதைச்சுருக்கம், பாடல்கள் என்பன அதன் உறுப்புகள். கதைச்சுருக்கம் முடிவைக் கூறாது. மீதியை வெள்ளித்திரையில் காணுமாறு வேண்டி நிற்கும். பெட்டி அடுத்த ஊர் சென்ற பின்னும் ஊரில் தங்கியது இந்நூல் ஒன்றே.

எனினும் இதனைப் படத்தின் உண்மைப் பாடமாக அப்படியே கொள்ளுதல் பொருந்தாது. இது பெரும்பாலும் வெளியீட்டிற்கு முன்னரே அச்சிடப்பட்டது. ஆதலின் நீளம் கருதிப் படத்தில் நீக்கப்பட்ட பாடல் நூலில் இருத்தல் கூடும். பாடகர் மாற்றிப் பாடிய சொல் நூலில் மாறாதிருத்தலும் கூடும். ஆகவே இசைத்தட்டு, தணிக்கைச் சான்றிதழ் குறிக்கும் நீளம், நாளிதழ் விளம்பரம் ஆகியவற்றோடு ஒப்பிட்டே முடிவு காணல் வேண்டும். நூல் தருவது படம் வெளிவருவதற்கு முன்னைய நிலை. படி தருவது அது பல ஊர் சென்ற பின்னைய நிலை. இரண்டிற்கும் இடையே கிடப்பதே படத்தின் வரலாறு.

அழிவும் மாற்றமும்

பழைய நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றுவது, தானே சிதைவது. வெள்ளிக்காக அழிக்கப்பட்டனவும் உள. 1931ஆம் ஆண்டு அக்டோபர் 31இல் சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியான ‘காளிதாஸ்’ படத்தின் படி இன்று கிடைத்திலது. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தோன்றிய 1964க்கு முன்னரே இழப்பு மிகுந்துவிட்டது.

இன்று சுருளும் பெட்டியும் மறைந்தன. படம் மின்னியற் கோப்பாக ஒரே நாளில் பல நூறு அரங்குகளை அடைகின்றது. அதனைத் திறக்கும் குறியீடு குறித்த நாள்வரையே செல்லும். அதன்பின் அரங்கில் எதுவும் எஞ்சுவதில்லை. வெளியீட்டிற்குப் பின் ஒரு காட்சியை நீக்கின், எல்லா அரங்குகளிலும் அது விரைவில் மறையும். முன்னைய வடிவிற்குச் சான்று கூறும் அச்சுநூலும் இன்று இல்லை.

முடிவுரை

பாட்டுப் புத்தகங்களைப் பழந்தாள் கடைக்குச் செல்லும் குப்பையெனக் கருதுதல் தகாது. நூலகங்கள் அவற்றைத் தொகுத்து, ஆண்டும் கொட்டகையும் பதிப்பும் குறித்து அட்டவணைப்படுத்தல் வேண்டும். ஒரு படத்திற்குப் பல பதிப்புகள் கிடைப்பின் அவற்றுள் ஒன்றையும் விலக்கலாகாது. சுவடிகளைத் தேடித் தொகுத்த தமிழுலகம் இச்சிறு நூல்களையும் தேடித் தொகுக்கக் கடமைப்பட்டுள்ளது என்பது எம் துணிபு.