மாட்டினால் பொருந்திவிட்டதாகுமா?

உதகைக்குச் செல்லும் மலை ரயில் வெலிங்டன் நிலையத்தைக் கடக்கும்போது ஏனைய ரயில்களைப் போலவே வெறும் தண்டவாளத்தின் மீது ஓடுகிறது. அதற்கு முன்னதாக, கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில்தான் பல்சக்கரப் பாதை. 12 அடி நகர்ந்தால் ஓரடி உயரும் அந்தச் சரிவில், தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பற்களும் எஞ்சினின் பல்சக்கரமும் பிசகாமல் இணைந்தால்தான் வண்டி ஏறும். இறங்கும்போது கட்டுக்குள் நிற்கும். 1899-ஆம் ஆண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை இந்தப் பாதையை அமைத்தவர்களுக்கு ஓர் உண்மை தெளிவாகத் தெரிந்திருந்தது. சமவெளியில் மன்னிக்கப்படும் அளவுப் பிழையை மலை மன்னிப்பதில்லை.

அதே மலைச்சரிவில் இறங்கும் நெடுஞ்சாலையில் ஓடும் வாகனங்களைப் பார்க்கும்போது, இந்தப் பாடத்தை நாம் மறந்துவிட்டோமோ என்று தோன்றுகிறது. எஸ்யுவி எனப்படும் உயரமான கார்கள் பெருகிவிட்டன. அவற்றை வாங்கியவுடன் பலரும் செய்யும் முதல் மாற்றம், நிறுவனம் கொடுத்த ரிம்மைக் கழற்றிவிட்டுப் பெரிய, அகலமான அலாய் ரிம்மை மாட்டுவது. பள்ளத்தில் விழுந்து வளைந்த ரிம்முக்கு மாற்றாகப் பழைய ரிம்மைத் தேடி வாங்குவோரும் உண்டு. இரு தரப்பினரும் கடையில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: 'என் வண்டிக்கு இது மாட்டுமா?' கடைக்காரர் போல்ட்டில் ஏற்றிக் காட்டுகிறார். மாட்டிவிடுகிறது. ஆனால், மாட்டுவது வேறு, பொருந்துவது வேறு.

ஒரு ரிம் ஒரு வண்டிக்குப் பொருந்துகிறதா என்பதைச் சில எண்கள்தாம் தீர்மானிக்கின்றன. முதலாவது, போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்துள்ள வட்டத்தின் விட்டமும். இதைக் கடைகளில் பி.சி.டி. என்பார்கள். ஹூண்டாய் கிரெட்டாவுக்கும் டொயோட்டா இன்னோவா கிரிஸ்டாவுக்கும் 114.3 மி.மீ. வட்டத்தில் ஐந்து துளைகள். டாடா ஹாரியருக்கு 108 மி.மீ. வட்டத்தில் ஐந்து. மாருதி ஜிம்னிக்கும் டொயோட்டா ஃபார்ச்சூனருக்கும் வட்டம் 139.7 மி.மீ. என்றாலும், ஜிம்னிக்கு ஐந்து துளைகள், ஃபார்ச்சூனருக்கு ஆறு.

துளைகளின் எண்ணிக்கை மாறினால் யாரும் ஏமாற மாட்டார்கள். ஆபத்து, கண்ணுக்குத் தெரியாத சிறிய வேறுபாட்டில் இருக்கிறது. ஃபோக்ஸ்வாகன் டிகுவானின் வட்டம் 112 மி.மீ. கிரெட்டாவின் 114.3-லிருந்து வேறுபாடு வெறும் 2.3 மி.மீ. சற்றே அழுத்தி முடுக்கினால் நட்டுகள் ஏறிவிடும். ஆனால், அவை நேராக அமராமல் சாய்ந்து அமரும். ஒவ்வொரு சுற்றிலும் போல்ட் வளைந்து நிமிரும். நாளடைவில் நட்டு தளரும் அல்லது போல்ட் முறியும். ஐந்து துளை ரிம்மை வீட்டிலேயே அளந்துவிடலாம். அடுத்தடுத்த துளைகளை விட்டு, ஒன்றுவிட்ட இரு துளைகளின் மையங்களுக்கு இடையிலான தூரத்தை மி.மீ. கணக்கில் அளந்து, அதை 0.951 ஆல் வகுத்தால் வட்டத்தின் விட்டம் கிடைக்கும்.

இரண்டாவது எண், ரிம்மின் நடுத்துளை. அச்சின் முனையில் உள்ள ஹப் என்னும் குமிழின் மீது இந்தத் துளை இறுக்கமாக அமர வேண்டும். சக்கரத்தை மையத்தில் நிறுத்துவது ஹப்; அதை அழுத்திப் பிடிப்பது நட்டு. ஹப்பின் வேலையையும் சேர்த்து நட்டுகளின் தலையில் சுமத்தக் கூடாது. கிரிஸ்டாவின் நடுத்துளை 60.1 மி.மீ.; கிரெட்டாவுடையது 67.1 மி.மீ. இரண்டுக்கும் போல்ட் வட்டம் ஒன்றே என்பதால் கிரெட்டாவின் ரிம் கிரிஸ்டாவில் எளிதாக ஏறிவிடும். ஆனால், நடுவில் 7 மி.மீ. வெற்றிடம் இருக்கும். சக்கரம் மயிரிழை விலகி அமர்ந்தாலும் வேகமெடுக்கும்போது ஸ்டியரிங் நடுங்கும். பேலன்சிங் எத்தனை முறை செய்தாலும் அந்த நடுக்கம் போகாது.

இந்த இடைவெளியை அடைக்க வளையங்கள் கிடைக்கின்றன. பிளாஸ்டிக்கிலும் உண்டு, அலுமினியத்திலும் உண்டு. மலைச்சாலையில் ஓட்டுபவர் அலுமினிய வளையத்தைக் கேட்டு வாங்குவதே நல்லது. தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கும் வண்டியின் ஹப் அருகே எழும் வெப்பத்தில் பிளாஸ்டிக் இளகக்கூடும்.

மூன்றாவது எண், ஆஃப்செட். ரிம்மின் அகலத்துக்கு நடுக்கோடு ஒன்று வரைந்தால், ஹப்புடன் ஒட்டும் பரப்பு அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட். ரிம்மில் இது 'இ.டி.' என்ற எழுத்துகளுக்குப் பின்னால் பொறிக்கப்பட்டிருக்கும். 7 அங்குல அகலமும் 45 ஆஃப்செட்டும் கொண்ட ரிம்மை எடுத்துவிட்டு, 8 அங்குல அகலமும் 30 ஆஃப்செட்டும் கொண்டதை மாட்டுவதாக வைத்துக்கொள்வோம். சக்கரத்தின் வெளிவிளிம்பு ஏறத்தாழ 28 மி.மீ. வெளியே நீட்டும். பார்ப்பதற்கு வண்டி அகன்று, கம்பீரமாகத் தெரியும். ஆனால், வீல் பேரிங்கின் மீது விழும் சுமையின் நெம்புகோல் நீண்டுவிடும். குழியில் இறங்கும்போது ஸ்டியரிங் கையை உதறும். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுவதுமாக ஒடிக்கும்போது டயர் மட்கார்டில் உரசும். சமவெளியில் முழு ஒடிப்பு என்பது வண்டியை நிறுத்துமிடத்தில் மட்டும்தான். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36.

நான்காவது, ரிம்மும் டயரும் சேர்ந்த முழுச் சக்கரத்தின் உயரம். 215/60 ஆர்17 என்ற டயரில், 215 என்பது மி.மீ. கணக்கில் அகலம், 60 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் விழுக்காடு, 17 என்பது ரிம்மின் அங்குல விட்டம். இந்தச் சக்கரத்தின் மொத்த உயரம் ஏறத்தாழ 690 மி.மீ. இதற்குப் பதிலாக 18 அங்குல ரிம் வேண்டும் என்றால், 225/50 ஆர்18 டயரோடு உயரம் 682 மி.மீ. ஆகும். வேறுபாடு ஒரு விழுக்காட்டைச் சற்றே தாண்டுகிறது, பாதகமில்லை. 235/60 ஆர்18 போட்டால் 739 மி.மீ.; அதாவது 7 விழுக்காடு கூடுதல்.

இந்த 7 விழுக்காடு என்ன செய்யும்? வேகமானி 60 கி.மீ. காட்டும்போது வண்டி 64 கி.மீ. வேகத்தில் ஓடும். அதைவிட முக்கியமானது, ஒவ்வொரு கியரின் இழுவையும் அதே அளவில் குறையும். ஏற்றத்தில் எஞ்சின் திணறும். இறக்கத்தில் எஞ்சின் தரும் தடுப்பு தளரும். மலைப்பாதையில் இரண்டாவது கியரில் இறங்குங்கள் என்று ஓட்டுநர்களிடம் சொல்லப்படுவது அந்தத் தடுப்பை நம்பித்தான். டயரைப் பெரிதாக்கியவர், தம்மை அறியாமலேயே அந்த இரண்டாவது கியரின் பலத்தைக் குறைத்துவிட்டு, மீதிப் பாரத்தைப் பிரேக்கிடம் ஒப்படைக்கிறார்.

அந்தப் பாரம் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வெலிங்டனுக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 1,500 மீட்டர். பயணிகளோடும் சுமையோடும் 2,000 கிலோ எடையுள்ள வண்டி அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது ஏறத்தாழ 3 கோடி ஜூல் ஆற்றலை இழக்கிறது. 20 டிகிரியில் உள்ள 85 லிட்டருக்கும் அதிகமான நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். எஞ்சினும் காற்றும் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டாலும், எஞ்சியது முழுவதும் பிரேக் டிஸ்க்குகளிலும் டிரம்களிலும் வெப்பமாகச் சேர்கிறது. அது வெளியேற ரிம்மின் இடைவெளிகள் வழியே காற்று புகுந்து வர வேண்டும். முகப்பு மூடிய அலங்கார ரிம்கள் அந்தக் காற்றைத் தடுக்கின்றன. ரிம்மின் உட்புறம் பிரேக் காலிப்பரைத் தொடாமல் சுழலப் போதிய இடைவெளி இருக்கிறதா என்பதையும், ரிம்மை மாட்டிக் கையால் சுழற்றிப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

ஐந்தாவது, ரிம் தாங்கும் சுமை. இது பொதுவாக ரிம்மின் பின்புறம் கிலோ கணக்கில் பொறிக்கப்பட்டிருக்கும். முழுச் சுமையில் எந்த அச்சு அதிக எடையைத் தாங்குகிறதோ, அந்த எடையில் பாதியைவிட இந்த எண் குறையக் கூடாது. சிறிய காருக்காக வார்த்த ரிம், துளைகள் ஒத்துப்போகின்றன என்பதாலேயே ஏழு பேர் அமரும் வண்டிக்கு உரியதாகிவிடாது. ரிம்கள் சந்தைக்கு வரும் முன் மூன்று வகைச் சோதனைகளைக் கடக்க வேண்டும்: சுமையோடு நெடுநேரம் உருளுதல், வளைவில் ஏற்படும் வளைவிசையைத் தாங்குதல், விளிம்பில் விழும் மோதலைத் தாங்குதல். இந்தியாவில் இதற்கான தரநிலை ஐ.எஸ். 16192. ரிம்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணையை 2020-ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்டது. முத்திரையும் சுமை எண்ணும் இல்லாத ரிம்மை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விலக்கிவிடுவதே அறிவுடைமை.

ஆறாவது, நட்டும் அதன் இருக்கையும். சில ரிம்களின் துளை கூம்பு வடிவில் குடைந்திருக்கும். சிலவற்றில் பந்து வடிவில். கூம்பு நட்டைப் பந்துக் குழியில் இறுக்கினால் மெல்லிய கோட்டளவில் மட்டுமே தொடும், இறுக்கம் நிலைக்காது. மரையின் இடைவெளியும் மாறுபடும். மாருதி சுசூகி வண்டிகளில் பொதுவாக 1.25 மி.மீ.; ஹூண்டாய், டொயோட்டா கார்களில் 1.5 மி.மீ. ஒன்றை மற்றொன்றில் வலிந்து ஏற்றினால் மரை அழிந்துபோகும்.

இரும்பா, அலாயா என்பதும் மலைவாசிகள் யோசிக்க வேண்டிய கேள்வி. இரும்பு ரிம் பலத்த அடிபட்டால் வளையும். பெரும்பாலும் தட்டி நிமிர்த்தி வீடு சேரலாம். அலாய் எடை குறைவு, வெப்பத்தை விரைவில் கடத்தும். ஆனால், பலத்த அடியில் விரிசல் விடும். விரிசலைப் பற்றவைத்து, வண்ணம் பூசி விற்கப்படும் பழைய ரிம்களிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை. வார்ப்பின்போது வெப்பப் பதனத்தால் ஏற்றிய வலிமையைப் பற்றவைப்பின் சூடு அந்த இடத்தில் அழித்துவிடுகிறது. சென்னை புதுப்பேட்டையிலோ கோவையிலோ பழைய ரிம் வாங்குபவர், வண்ணத்தைப் பார்க்காமல் உட்புறத்தைப் பார்க்க வேண்டும்; பேலன்சிங் இயந்திரத்தில் வெறும் ரிம்மைச் சுழற்றிக் காட்டச் சொல்ல வேண்டும்.

எல்லாரும் மறப்பது ஸ்டெப்னியை. நான்கு ரிம்களை மாற்றியவர், பழைய அளவில் உள்ள ஐந்தாவது சக்கரத்துக்கு உரிய நட்டுகளைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார். பர்லியாறுக்கு மேலே, பனிமூட்டத்தில், ஒருபுறம் பாறையும் மறுபுறம் பள்ளமுமாக உள்ள வளைவில் டயர் பஞ்சரானால், அந்த நட்டுகள் இல்லாமல் ஸ்டெப்னி வெறும் எடைதான். புதிய ரிம்முக்குத் தனி நட்டுகள் தேவைப்பட்டால், பழையவற்றையும் வண்டியிலேயே வைத்திருக்க வேண்டும். மாட்டியபின் 50 முதல் 100 கி.மீ. ஓடியதும், தயாரிப்பாளர் சொன்ன இறுக்கத்துக்கு நட்டுகளை மீண்டும் முடுக்க வேண்டும். அந்த முதல் ஓட்டம் சமவெளியில் அமைந்தால் நல்லது.

சட்டமும் இதில் மௌனமாக இல்லை. தயாரிப்பாளரின் மூல வடிவமைப்புக்கு முரணாக வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019-ஆம் ஆண்டு ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்சநீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. ஒரே மாடலின் வெவ்வேறு வகைகளுக்குத் தயாரிப்பாளரே தரும் அளவுகளுக்குள் ரிம்மைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பான வழி. கிரெட்டாவுக்கு 16 அங்குலமும் 17 அங்குலமும் நிறுவனமே கொடுத்த அளவுகள். அந்த எல்லையைத் தாண்டுபவர், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்துமூலம் தெரிவித்துவிட்டுத் தாண்டுவதே முறை.

ஆனால், பொறுப்பு முழுவதையும் வண்டிக்காரரின் தலையில் கட்டிவிட முடியாது. ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் டயர் அளவையும் காற்றழுத்தத்தையும் அச்சிட்டு ஒட்டும் நிறுவனங்கள், போல்ட் வட்டம், நடுத்துளை, ஆஃப்செட் ஆகியவற்றையும் அதில் சேர்க்கத் தடை என்ன? ரிம் விற்கும் கடைகள் இந்த ஆறு விவரங்களையும் ரசீதில் எழுதித் தர வேண்டும் என்று போக்குவரத்துத் துறை விதித்தால் என்ன? எழுத்தில் வந்துவிட்டால், 'மாட்டிக் காட்டினேனே' என்ற பதில் செல்லாது.

2024-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறையில் இருக்கிறது. எத்தனை வண்டிகள் மலையேறுகின்றன என்று அது கணக்கு வைக்கிறது. எந்த நிலையில் ஏறுகின்றன என்பதை வண்டியின் உரிமையாளர்தான் அறிவார். மலைச்சாலையில் ஒரு வண்டியின் சக்கரம் கழன்றால், அதில் இருப்பவர்கள் மட்டும் விழுவதில்லை. கீழ் வளைவில் ஏறிக்கொண்டிருக்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் ஜீப்பும், பள்ளிப் பேருந்தும் அந்தச் சக்கரத்தின் வழியில்தான் இருக்கின்றன. அடுத்த முறை கடையில் நிற்கும்போது, 'மாட்டுமா' என்று கேட்பதை விட்டுவிட்டு, அந்த ஆறு எண்களைக் கேட்போம்.